கொள்ளு காய்ந்த சாலை

பிப். 2, திங்கள்

காலையில் பனி. பேரையூர் பஸ்ஸில் ஜன்னலோர இடம். பள்ளிக்கூடம் வந்ததே தெரியவில்லை. வழக்கமாகக் குலுங்கும் இடத்தில் பஸ் குலுங்கவில்லை.

புது ரோடு. பல வருடம் மனுப் போட்டும் வராதது, அமைச்சர் இந்த வழியாக வருகிறார் என்றதும் நாலைந்து நாளில் வந்துவிட்டது. நேற்று வந்தார், போனார். அவர் இடுப்புக்கு ஆகாது என்று பள்ளிக்கூடத்துக்கு முன்னால் இருந்த இரண்டு வேகத்தடைகளையும் பெயர்த்துவிட்டார்கள்.

ஹெச்.எம். சாமுவேல் சார் செருப்பைக் கழற்றிவிட்டுத் தார்மேல் நடந்து பார்த்தார். "அல்வா மாதிரி இருக்குல்ல டீச்சர்?"

சத்துணவு சமைக்கும் பாண்டியம்மா: "அந்தத் தடுப்பத் திருப்பி எப்ப சார் போடுவாக?" அவள் வீடு ரோட்டுக்கு அந்தப் பக்கம். மகள் ஜோதி என் வகுப்பு, மூன்றாவது.

வாங்க: சாக்பீஸ், தைலம், காய்.

பிப். 3, செவ்வாய்

பள்ளி விட்டதும் டிப்பர் லாரி. ரோட்டைக் கடக்கப் போன ஜோதி சட்டென்று பின்வாங்கிவிட்டாள். கையில் இருந்த சாப்பாட்டுத் தட்டு மட்டும் ரோட்டில் விழுந்துவிட்டது. எவர்சில்வர் தட்டு அப்பளமாகிவிட்டது. லாரி நிற்கவில்லை.

பாண்டியம்மா ஓடிவந்து மகள் முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு அவளைக் கட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

தட்டை எடுத்து என் பையில் வைத்துக்கொண்டேன்.

பிப். 4, புதன்

ஹெச்.எம்முடன் ரோட்டு ஆபீஸுக்கு. பொறியாளர் சின்ன வயது, மரியாதையானவர். டீ வரவழைத்தார்.

"அந்த இடத்துல வேகத்தடை இருந்ததா எங்க பதிவுல இல்லையே சார்."

"நீங்கதான சார் எடுத்தீங்க?"

"இல்லாதத எப்படி சார் எடுக்க முடியும்?"

நான் தத்துவம் கொஞ்சம் படித்தவள். இந்தப் பாடம் அதில் இல்லை.

புதிதாகப் போடலாமாம். அதற்கு அந்த இடத்தில் விபத்து நடந்த விவரம் வேண்டுமாம். தட்டைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

"தட்டு கணக்குல வராது மேடம்."

திரும்பும்போது பஸ் பேரையூர் வந்ததும் ஹெச்.எம். மெதுவாக, "அப்ப என்ன வேணுங்கிறான் அவன்?"

பிப். 5, வியாழன்

வெயில். பள்ளிக்கூடத்துக்கு எதிரே விவசாயி செல்லத்துரை அறுத்த கொள்ளுக் கொடியைக் கொண்டுவந்து ரோட்டின் அகலத்துக்கும் பரப்பினார். வண்டிகள் ஏற ஏற மணி உதிரும். ஆள் கூலி மிச்சம். இந்தப் பக்கத்தில் வருடா வருடம் நடப்பதுதான்.

"பழைய ரோட்டுல பாதி கல்லு சேந்து வரும் டீச்சர். இப்பப் பாருங்க, அம்புட்டும் சுத்தம். அமைச்சர் நல்லா இருக்கணும்."

ஹெச்.எம். பல்லைக் கடித்தார். போன வருடம் கொள்ளில் வண்டி சறுக்கி விழுந்து, ரோட்டில் தானியம் பரப்புவதைத் தடுக்கச் சொல்லி மனுப் போட்டவர் அவர்.

சாயங்காலம் அதே டிப்பர். தூரத்திலேயே வேகம் குறைத்து, கல்யாணப் பெண் நடை நடந்து வந்தது. அச்சில் கொடி சுற்றிக்கொண்டால் பாதி நாள் போய்விடுமாம். பிள்ளைகள் எல்லாரும் சாவகாசமாகக் கடந்தார்கள். டிரைவர் சிரித்துக் கையாட்டினார், நல்ல மனிதர் போல.

பிள்ளைக்கு நிற்காத வண்டி கொள்ளுக்கு நிற்கிறது.

பிப். 9, திங்கள்

தைலம் தீர்ந்துவிட்டது. கொள்ளு தீரவில்லை. பாண்டியம்மா செல்லத்துரையிடம், "அண்ணே, பள்ளிக்கூடம் விட்ட பிறகு அள்ளுங்கண்ணே."

"நீ சொல்லணுமாத்தா? எனக்கும் பேத்தி படிக்குதுல்ல."

ஹெச்.எம். அடுத்தடுத்து யார் யார் பரப்புவது என்று ஊருக்குள் பேசிவிட்டு வந்தார். கொள்ளு முடிந்தால் குதிரைவாலி. பிறகு உளுந்து. சோதனைக்கு வரும் அதிகாரியிடம்கூட இவ்வளவு பணிவாக அவர் பேசி நான் பார்த்ததில்லை.

ஜோதி இப்போது ரோட்டைப் பார்ப்பதே இல்லை. கொள்ளுமேல் நொண்டியடித்துக்கொண்டே போகிறாள்.

பிப். 10, செவ்வாய்

ஜீப் வந்தது. பொறியாளர், பின்னால் ஆட்கள். கொள்ளு முழுவதையும் வாரி ஓரத்தில் தள்ளினார்கள். செல்லத்துரை கத்தியது மூன்றாம் வகுப்பு வரை கேட்டது. "ஏய்யா, மண்ணுல கொட்டுறீகளே, நீங்க சோறுதான திங்கிறீக?"

ஹெச்.எம். ஓடினார். நானும் போனேன்.

பொறியாளர் புன்னகையுடன், "உங்க மனுதான் சார். போன வருஷம் கொடுத்தீங்களே. நடவடிக்கை எடுத்தாச்சு."

ஹெச்.எம். முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

"சார், இத இப்படியே விட்ருங்க. பிள்ளைங்க நடக்குது."

"நீங்களே கேட்டுட்டு நீங்களே வேணாம்னா எப்படி சார்?"

ரோடு மறுபடி பளபளவென்று.

பிப். 11, புதன்

நாங்கள் வாசலுக்கு வருவதற்குள் ஜோதி ரோட்டில் ஓடிவிட்டாள்.

எழுத முடியவில்லை.

பிப். 12, வியாழன்

மதுரை. ஆஸ்பத்திரி. உயிருக்கு ஒன்றுமில்லை என்றார்கள். வலது கால் இரண்டு இடத்தில் முறிவு. பாண்டியம்மா கட்டிலைப் பிடித்தபடி தரையில். ஹெச்.எம். வராந்தாவில் பைபிளை மூடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வீட்டுக்குப் போங்கள் என்றால் கேட்கவில்லை.

பொறியாளர் போன் செய்தார். குரல் உடைந்திருந்தது. "ரொம்ப வருத்தமா இருக்கு மேடம். இப்ப மனுக் கொடுங்க. உடனே போட்றலாம்."

ஜோதி கண் விழித்தாள். என்னை அடையாளம் தெரிந்தது.

"டீச்சர், கொள்ளு இருந்துச்சுல்ல?"