பாகற்கொடிக் கயிறு தொய்ந்துகொண்டே போகிறது

அனுப்புநர்:
செயலாளர்,
குடியிருப்புத் தோட்டக் குழு,
மணல் கிடங்குக்கு அடுத்த மனை.

பெறுநர்:
உயர்திரு நகராட்சிப் பொறியாளர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: கிடங்கு மதில் எங்கள் தோட்டத்தின் பக்கம் சாய்ந்து வருவது – உடனடி நடவடிக்கை கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் குழு ஞாயிறுதோறும் காலையில் கூடுகிறது. விதை மாற்றிக்கொள்வோம், பதியன் போட்டதைப் பங்கிடுவோம், யார் பூசணி பெரியது என்று சண்டையும் போடுவோம். வாரம் முழுக்க அலுவலகத்திலும் அடுப்படியிலும் வேகிற எங்களுக்கு அதுதான் மூச்சு விடும் நேரம். தேநீர் குடிக்கும் பெஞ்சு மதிலோரம் இருக்கிறது. அங்கே வேறு நிழல் இல்லை.

2. மதிலின் உச்சியில் ஆணி அடித்து, எங்கள் பக்கம் ஊன்றிய கம்பங்களுக்குக் கயிறு கட்டிப் பாகற்கொடி ஏற்றியிருக்கிறோம். கட்டியவர் குழுவிலுள்ள தையற்காரர். மழை விட்டதிலிருந்து ஒவ்வொரு வாரமும் கயிறு தொய்ந்து கிடந்தது. "உங்க முடிச்சும் நீங்க தைச்ச பட்டன் மாதிரிதான், தானா கழண்டுக்குது" என்று கேலி செய்தோம். பாவம், அவரும் தலையைக் குனிந்துகொண்டு இறுக்கி இறுக்கிக் கட்டினார்.

3. போன ஞாயிறு ரோஷம் வந்து, கயிற்றை எடுத்துவிட்டு இரும்புக் கம்பியை முறுக்கிக் கட்டினார். வாரத்தின் நடுவிலேயே அதுவும் தொய்ந்தது. முறுக்கு அப்படியே இருந்தது. "முடிச்சு அவிழலைங்க. செவுருதான் நம்ம பக்கம் வருது" என்றார். அப்போதுதான் பெஞ்சில் ஏறி எட்டிப் பார்த்தோம். மதிலின் அந்தப் பக்கம் மணல் ஆளுயரத்துக்கு மேல் குவிந்திருக்கிறது. இத்தனை வாரம் அதன் அடியில் உட்கார்ந்து அரட்டை அடித்திருக்கிறோம்.

4. தங்கள் அலுவலகத்தில் நேரில் சொன்னேன். கொடியின் பாரம்தான் காரணம், அறுத்துவிடுங்கள் என்றார் அங்கிருந்த அலுவலர். ஐயா, பாகற்கொடி மதிலை இழுக்கிறது என்றால், மணல் அங்கே சும்மா படுத்து ஓய்வெடுக்கிறதா? பயத்தில் வார்த்தை தடித்துவிட்டது, பொறுத்தருள்க.

5. தோட்டத்தைப் பூட்டிவிட்டோம். ஆனால் என் கணவர் அடங்கவில்லை. பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வுபெற்றவர். ஓய்வுக்குப் பின் வீட்டில் வாய் திறக்காமல் கிடந்த மனிதரை மறுபடி பேச வைத்தது இந்தக் கொடிதான். சாவியை ஒளித்து வைத்தேன், இன்னொன்று செய்துகொண்டார். "செவுரு எங்க போயிடும்? உனக்குத்தான் தலை சுத்துது" என்கிறார். நான் எழுவதற்குள் தண்ணீர் ஊற்றப் போய்விடுகிறார். திரும்பி வந்து வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்கும்வரை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

6. ஆகவே, மணலை உடனே அகற்ற ஆணையிட்டு, மதிலுக்கு முட்டுக் கொடுக்கச் செய்து, தோட்டத்துக்கு நகராட்சியின் பூட்டைப் போடுமாறு மன்றாடுகிறேன். என் சொல் அவரிடம் எடுபடாது. அரசாங்கப் பூட்டென்றால் பயப்படுவார்.

தங்கள் வருகையை எதிர்நோக்கும்,
(கையொப்பம்)
செயலாளர்

நாள்: சனிக்கிழமை
இடம்: தோட்டத்து வாசல்

பி.கு.: மனுவுடன் புறப்பட்டு வரும் வழியில் பார்க்கிறேன், தோட்டத்துப் பூட்டு திறந்து தொங்குகிறது. இவர் உள்ளே இருக்கிறார், கூப்பிட்டால் வரவில்லை. கையைப் பிடித்து இழுத்து வர நான் உள்ளே போகிறேன். மனுவை என்னோடு வந்த தையற்காரர் கொண்டு வருகிறார். தயவுசெய்து அவரைக் காக்க வைக்காமல், அவரோடேயே புறப்பட்டு வாருங்கள் ஐயா.