நியாயத்தின் பெல்ட்

ஏட்டி,

இன்று காலை நியாயத்தின் கழுத்துப் பெல்ட் அறுந்துவிட்டது. சங்கிலியை மாட்டி இழுத்ததும் கொக்கி கையோடு வந்துவிட்டது. நான்கு வருடம் உழைத்திருக்கிறது. நீ போட்ட தையல் ஒன்றுகூடப் பிரியவில்லை, தோல்தான் இற்றுப்போயிருக்கிறது. எச்சிலும் மழை ஈரமும் உன் கைத் தேங்காயெண்ணெயும் சேர்ந்த அந்த வாடை இன்னும் அதில் அப்படியே இருக்கிறது. தூக்கிப்போட மனம் வரவில்லை. ஈரத்துணியால் துடைத்து வைக்கலாமென்று மடியில் போட்டுத் திருப்பினேன்.

எத்தனையோ முறை கழற்றி மாட்டிய பெல்ட்தான். உட்புறத்தில் அழுக்கு கட்டிக் கிடந்ததால் ஒருநாளும் நான் உற்றுப் பார்த்ததில்லை. இன்று துடைக்கத் துடைக்க அங்கே ஒரு சொல் எழும்பி வந்தது. தமிழில், உன் கையெழுத்தில், ஊசியால் புள்ளி புள்ளியாகக் குத்தியிருந்தாய். அது என்ன சொல் என்று பிறகு சொல்கிறேன். முதலில் நான் உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. மூன்று வருடமாகத் தொண்டையில் நிற்கிறது.

குட்டி வந்த நாளிலிருந்து ஆரம்பிக்கிறேன். செம்பூரில் உன் மகள் வாங்கித் தந்த வீட்டுக்கு நீ குடிபோன முதல் வருடம். ஐந்தாவது மாடிக் குடும்பம் துபாய்க்கு மாற்றலாகிப் போகும்போது, ஆசைப்பட்டு வாங்கிய புல்டாக் குட்டியை யார் தலையில் கட்டலாம் என்று தேடிக்கொண்டிருந்தது. நீ தலையைக் கொடுத்தாய். எனக்கு போன் போட்டு, "ஏட்டி, கோவண்டியிலேருந்து ஆட்டோ புடிச்சு வா, ஒடனே வா" என்றாய். யாருக்கு என்னவோ என்று பதறி ஓடிவந்தேன். நீ தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாய். உன் மடியில் மூஞ்சியெல்லாம் மடிப்பு மடிப்பாக, மூக்கு உள்ளே போன ஒரு ஜீவன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

"பாத்தியா, மூஞ்சி நம்ம பட்டறை மேஸ்திரி மாதிரில்லா இருக்கு? ஆனா இது பொட்ட."

அந்த வீட்டில் அதைப் பப்பி என்றே கூப்பிட்டிருக்கிறார்கள். உனக்குப் பிடிக்கவில்லை. "நாளைக்கு வயசாகிப் பல்லு போன பொறவும் பப்பியா?" என்றாய். அயர்லாந்தில் நர்ஸாக இருக்கும் உன் மகளிடம் அந்த ஊர்ப் பெயராக ஒன்று கேட்டிருந்தாய். ஏன் அந்த ஊர்ப் பெயர் என்று கேட்டேன். குட்டியின் காதைத் தடவிக்கொண்டே இருந்தாய். பிறகுதான் சொன்னாய்.

"அவ இருக்க ஊருப் பேரச் சொல்லிக் கூப்பிட்டா, அவளையே கூப்பிட்ட மாதிரி இருக்கும்லா."

மகள் வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தாள். எல்லாம் கெல்டிக் பெயர்கள், பக்கத்திலேயே அர்த்தமும் போட்டிருக்கிறேன் என்று எழுதியிருந்தாள். கெல்டிக் என்றால் என்ன என்று நீ கேட்க, இங்கிலீஷ்காரனுக்கு முன்னாலேயே அந்தப் பக்கத்துத் தீவுகளில் இருந்த சனம் என்று நான் விளக்கினேன். "அப்ப நம்ம தாராவிதான். பில்டர் வாரதுக்கு முன்னாலயே இருந்த சனம்" என்று ஒரே போடாகப் போட்டாய்.

நான் படிக்க, நீ தீர்ப்புச் சொன்னாய். முதல் பெயர் காரா. தோழி என்று அர்த்தம். "காராபூந்தி ஞாபகம் வருது, அடுத்தது." அடுத்தது மேவ். "அது பூனைக்கு வைக்கிற பேரு." அதற்கடுத்ததை எப்படிப் படிப்பதென்றே எனக்குத் தெரியவில்லை, ஏ, ஓ, ஐ என்று உயிரெழுத்தாக வரிசை கட்டி நின்றது. அயோஃபே என்று இழுத்தேன். "அய்யோன்னு ஆரம்பிக்க பேரு எதுக்கு? நல்ல காரியத்துல" என்று கையை உதறினாய்.

நான்காவதாகத்தான் அது வந்தது. என், ஐ, ஏ, எம், எச். அர்த்தம், ஒளி. கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, இருபத்தாறு வருடம் பள்ளிக்கூட ஆபீசில் குப்பை கொட்டிய தோரணையில், "நியாம்" என்று படித்தேன்.

"நியாயமா?"

"நியாயம் இல்ல, நியாம்."

"அதான சொல்லுதேன். நடுவுல ஒரு எழுத்த முழுங்கிட்டானுவ. கடைசில அந்த எச் எதுக்கு?"

"அது சைலண்ட்" என்றேன். எவ்வளவு உறுதியாகச் சொன்னேன் என்று நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

நீ குட்டியைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்தாய். "கட்டிக்கிட்டவன்ட்ட கேட்டேன், கெடைக்கல. பட்டறைய மூடும்போது சேட்டுகிட்ட கேட்டேன், கெடைக்கல. போதும்ட்டி. இனிமே நியாயத்த நானே வளத்துக்கிடுதேன்" என்றாய். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. பெயர் அன்றே முடிவாகிவிட்டது.

மறுவாரம் பட்டறைக் காலத்து மிச்சத் தோலை வெட்டி பெல்ட் தைத்தாய். என்னைத் தாளில் எழுதித் தரச் சொல்லி, அந்த ஐந்து ஆங்கில எழுத்துகளையும் வெளிப்புறத்தில் அச்சு வைத்துத் தட்டினாய்.

அதற்குப் பிறகு உன் பில்டிங்கில் நடந்ததை நினைத்தால் தனியாக இருக்கும்போதுகூடச் சிரிப்பு வருகிறது. இந்தியிலும் அதே சொல்தானே, அதனால் வாட்ச்மேனிலிருந்து எல்லோருக்கும் அது நியாய் ஆகிவிட்டது. "நியாய் ஸோ ரஹா ஹை", நியாயம் தூங்குகிறது என்று அவன் கேட்டருகே நின்று சத்தமாகச் சொல்வான். லிஃப்டில் நாய் வரக்கூடாது என்று சொசைட்டி மீட்டிங்கில் பேச்சு வந்தபோது, நீ எழுந்து நின்று உன் தாராவி இந்தியில், "நியாய் கோ ஸாஸ் கா தக்லீஃப் ஹை, ஸீடி நஹி சட் ஸக்தா" என்றாய். நியாயத்துக்கு மூச்சுத்திணறல், அதனால் படியேற முடியாது. செக்ரெட்டரியே சிரித்துவிட்டார். அன்றிலிருந்து நியாயம் லிஃப்டில் போனது. நீ அந்தப் பெயரை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டாய். கூடவே ஒரு வரி சேர்த்துக்கொள்வாய்: "எங்க இங்கிலீஷ்காரி படிச்சு வெச்ச பேரு. அவ படிச்சா பிசகாது."

அந்த வரிதான் என்னை மாட்டிவிட்டது.

சின்ன வயதில், தாராவி மாட்டுங்கா லேபர் கேம்பில் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். ஏழாவதோடு நீ பட்டறைக்குப் போனாய், நான் தொடர்ந்து படித்தேன். நீ பொறாமைப்பட்டிருக்கலாம். ஆனால் நீதான் முதலில் என்னை இங்கிலீஷ்காரி என்றாய். ரேஷன் ஆபீஸ் காகிதம், ஆஸ்பத்திரிச் சீட்டு, கோர்ட்டு நோட்டீஸ் என்று சந்து முழுவதும் என்னிடம் வந்ததற்கு உன் வாய்தான் காரணம். நிறமில்லை, நகையில்லை, புருஷன் வீட்டில் மதிப்பில்லை. உன் வாயால் கிடைத்த அந்தப் பட்டம் ஒன்றுதான் எனக்கு இருந்தது.

குட்டி வந்து ஒரு வருடம் இருக்கும். எங்கள் பள்ளியில் அட்மிஷன் நேரம். வெளிநாட்டிலிருந்து திரும்பிய ஒரு குடும்பம். விண்ணப்பத்தில் குழந்தையின் பெயர் அதே ஐந்து எழுத்து. எனக்குத் தெரிந்த பெயராயிற்றே என்று பெருமையாக, "நியாம்!" என்று கூப்பிட்டேன். யாரும் எழவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன். ஒரு பெண் தயங்கித் தயங்கி மேசை அருகே வந்து, என் மனம் நோகக்கூடாதென்று குரலைத் தாழ்த்தி, "நீவ், மேடம்" என்றாள். அந்த எம்மும் எச்சும் சேர்ந்தால் 'வ்' என்று ஒலிக்குமாம். சைலண்டாவது ஒன்றாவது.

அன்று சாயங்காலமே உன்னிடம் சொல்லத்தான் வந்தேன். நீ வாசலில் நின்று எதிர்வீட்டு அம்மாளிடம் அந்த வரியைச் சொல்லிக்கொண்டிருந்தாய். அவ படிச்சா பிசகாது. நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்த் தண்ணீர் குடித்தேன். சொல்லவில்லை. அடுத்த வாரமும் சொல்லவில்லை. உன் மகளை நினைத்து வைத்த பெயர், அது அவள் ஊரில் யாருக்கும் புரியாத பெயராக இருக்கிறதே என்று உறுத்தியது. ஆனாலும் உன் சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பொய். என் பட்டம் போய்விடும் என்று பயந்தேன், அவ்வளவுதான். எதையும் முகத்துக்கு நேரே பேசுகிற உன்னிடம் கடைசிவரை நான் திருடியைப்போல இருந்திருக்கிறேன்.

நீ ஆஸ்பத்திரியில் படுத்தபோது, இனி மறைக்கக்கூடாது என்று தினமும் முடிவு செய்துகொண்டு வருவேன். நீ கண் திறந்ததும், "நியாயம் சாப்புட்டுச்சா?" என்பாய். சாப்பிட்டது என்பேன். அதோடு என் தைரியம் தீர்ந்துவிடும். கடைசி நாள் பேச்சு மிகவும் குழறியது. மூச்சுக்கு நடுவே, "நீவு… நீவு…" என்றாய். நெற்றி வலிக்கிறது போலும், நீவிவிடச் சொல்கிறாய் என்று நினைத்து, உன் நெற்றியைப் புருவத்திலிருந்து மேலாக நீவிக்கொண்டே இருந்தேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய். விரல் மட்டும் படுக்கை விரிப்பில் எதையோ தேடியது. உன் மகள் விமானத்தில் வந்துகொண்டிருந்தாள்.

பெல்ட்டின் உள்ளே நீ குத்தியிருந்த சொல் அதுதான். நீவு.

இன்று காலை அதைப் பார்த்ததும் பெல்ட்டைக் கையில் பிடித்தபடியே எழுந்தேன். உன் மகளுக்கு போன் போட்டேன். பெயரைத் தப்பாகப் படித்தது, தெரிந்தும் மறைத்தது, எல்லாவற்றையும் அழுதுகொண்டே கொட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்.

"சித்தி, அம்மாவுக்கு மொத மாசமே தெரியும். பெல்ட் போட்டோ அனுப்பினாங்கல்ல, அப்பவே நான் போன்ல சொல்லிக் குடுத்தேன். அம்மாவுக்கு நீவ்னு வரல, நீவுன்னுதான் வந்துச்சு. வேணும்னா பேர மாத்திக்கலாமேன்னு கேட்டேன். 'ஒன் சித்தி படிச்சு வெச்சது. அது தப்புன்னு அந்த நாயி வந்து சொல்லட்டும், அப்ப மாத்துதேன்'னுட்டாங்க. ஒங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வேற வாங்கிட்டாங்க."

ஆக, ஊரெல்லாம் நீ சொன்ன 'அவ படிச்சா பிசகாது' எல்லாம் நான் பிசகியது தெரிந்து சொன்னது. வெளியே என் எழுத்து, உள்ளே உன் மகள் சொன்ன எழுத்து. யாரும் இல்லாதபோது அதை எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாய் என்று எனக்கு இப்போது தெரிகிறது. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நீ யாரைக் கூப்பிட்டாய்? நாயையா, மகளையா? எனக்கு 'நீவ்' என்ற உச்சரிப்பு தெரிந்திருந்தும் காதில் ஏறவில்லை. உனக்குத் தெரியாது என்றே நம்பிக்கொண்டிருந்ததால், உன் வாயிலிருந்து அது வெறும் தமிழாகத்தான் கேட்டது. நீ அவர்களைக் கூப்பிட, நான் உன் நெற்றியை நீவிக்கொண்டிருந்திருக்கிறேன். அன்றும் தப்பாகப் படித்தேன். அன்றும் நீ என்னைத் திருத்தவில்லை.

நியாயம் இப்போது என்னோடு கோவண்டியில் இருக்கிறது. தரைத்தளம், லிஃப்டு வேண்டாம். வெயில் ஏறினால் ஈரத்துண்டை விரித்துப் போடுகிறேன். முகத்து மடிப்புகளை உன் பழைய பருத்திச் சேலைத் துண்டால் தினமும் துடைக்கிறேன், நீ செய்தபடியே. தாதரில் புது பெல்ட் பார்க்கலாமென்று இருக்கிறேன். உன்னுடையது என் பீரோவில், சேலைகளுக்கு மேலே இருக்கிறது.

மதியம் இந்த மடலை ஆரம்பிக்கும் முன் ஒருமுறை சரியாகக் கூப்பிட்டுப் பார்த்தேன். நீவு என்றேன். கட்டிலுக்கடியில் படுத்திருந்தது தலையைத் தூக்கி, என்னைத் தாண்டி வாசலைப் பார்த்தது. வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தது. அந்தப் பெயரை இனி நான் கூப்பிடமாட்டேன். அது உன்னுடையது.

எனக்கு என் பெயரே போதும். நியாயம் என்று கூப்பிடுகிறேன், ஆடி அசைந்து வருகிறது. வந்து காலடியில் நின்றதும், நீவிவிடுகிறேன்.