கௌபாய்க்குக் குதிரை கிடையாது

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். இங்கே பண்ணையில் நானும் அறுபது மாடுகளும் நலம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது?

சொந்தக்காரர்களிடமெல்லாம் என்னைக் கௌபாய் என்று சொல்லிவைத்திருக்கிறீர்களாமே. "மாப்ளே, குதிரை மேல உக்காந்து ஒரு போட்டோ அனுப்புடா" என்று மாமா போனில் உயிரை வாங்குகிறார். குதிரைக்கு நான் எங்கே போவேன்? மாடுகளுக்குப் பின்னால் நடந்தேதான் மேய்ச்சலுக்குப் போகிறேன். திரும்பி வந்தால் அவை சாணி போட, நான் அள்ள, போட்டி ஓய்வதே இல்லை. முந்தாநாள் ஒன்று முட்டியில் உதைத்துவிட்டது, வீக்கம் கொஞ்சம்தான். தைலம் ஒரு புட்டி அனுப்புங்கள், அம்மாவுக்குத் தெரியவேண்டாம். ஞாயிறு மதியம் எனக்கு ஓய்வு. மாமாவிடம் போனைக் கொடுக்காமல் நீங்களே பேசுங்கள்.

"படிக்கலைன்னா மாடு மேய்க்கத்தான் போவே" என்று தினமும் திட்டினீர்களே, அதையே எல்லோரிடமும் சொல்லுங்கள் அப்பா. பையன் மாடு மேய்க்கிறான், நன்றாகத்தான் மேய்க்கிறான் என்று.

கறவை நேரமாகிவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் மகன்