உள்ளே ஒரு சாரம், வெளியே ஒரு சாரம்

இன்று காலை பெட்டியைத் திறந்தேன். அந்துருண்டை நெடிக்கு அடியிலிருந்து உங்கள் நீலக்கட்டம் போட்ட சாரத்தின் வாசனை வந்தது. வெளியே ஆடலூர்ப் பள்ளத்தாக்கு முழுக்க மேகம் படுத்துக் கிடந்தது. மழை வருவதற்கு முன்னால் என் இடது கால் லேசாக முனகும், உங்களுக்குத் தெரியும். துணியை மடியில் வைத்துக்கொண்டு, நீங்கள் பக்கத்தில் இருக்கிற நினைப்பில் சிரித்துவிட்டேன்.

எண்பதுகளின் நடுவில் காப்பி மூட்டை ஏற்றிய ஜீப் வளைவில் கவிழ்ந்து, என் முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கியது. சீழ் பிடித்த துண்டுகளை எடுத்த பிறகு, நடுவில் ஒரு விரல் நீளத்துக்கு எலும்பே இல்லை. காலை எடுத்துவிடலாம் என்றார்கள். மிளகு பறிக்க ஏணி ஏறுகிறவளுக்குக் கால் போனால் வேறென்ன மிச்சம்? செத்துப்போனால் தேவலை என்றுகூட நினைத்தேன். "இன்னொருத்தரக் கேட்டுப் பாப்போம் புள்ள" என்று நீங்கள்தான் என்னை மலையடிவாரத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனீர்கள்.

அங்கே டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பொறுமையாகச் சொன்னார்.

"இடுப்பெலும்புல கொஞ்சம் எடுத்து, கடல்ல வெளையிற பவளத்தோட சேத்து இந்த எடத்துல வைப்போம். அது சாரம் மாதிரிங்க. அதப் புடிச்சுக்கிட்டு எலும்பு வளரும். சதை உள்ள புகுந்துறாம மேல சவ்வால சுத்தி மூடணும். இங்க இது புதுசு. உறுதியாச் சொல்ல மாட்டேன்."

இந்த ஊரில் சாரம் என்றால் கொத்தனார் ஏறி நிற்கக் கட்டுகிற மூங்கில். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த நமக்கோ அது இடுப்பில் கட்டுகிற லுங்கி. நீங்கள் எல்லாம் புரிந்தவராகத் தலையாட்டிவிட்டு, பழனிக்கு பஸ் ஏறிப் போய், புதுச் சாரம் ஒன்று வாங்கிவந்து நர்ஸம்மா கையில் கொடுத்தீர்கள்.

"டாக்டர் சுத்தணும்னாருங்க. கெட்டிச் சாயம், தொவைச்சாலும் போகாது."

"ஏங்க, இத எலும்புக்குள்ள எங்கிட்டு வைக்கிறது?"

வார்டே சிரித்தது. ஜீப் கவிழ்ந்த நாளுக்குப் பிறகு நானும் அன்றுதான் சிரித்தேன்.

மயக்க மருந்தில் நான் மறுபடி கப்பலில் இருந்தேன். எழுபதுகளில் தலைமன்னாரிலிருந்து நம்மை ஏற்றி வந்த அதே கப்பல். ஆனால் அது தண்ணீரில் போகவில்லை. நம் மலைக்கு மேலே, மேகத்தின்மேல் சத்தமில்லாமல் போனது. எட்டிப் பார்த்தால் அடியில் வெள்ளை வெளேரென்று பவளம், காப்பி பூத்த மாதிரி. கண் திறந்ததும் "கரை வந்துருச்சாங்க?" என்று கேட்டேனாம்.

"வந்துருச்சு புள்ள. கால் ரெண்டும் இருக்கு" என்றீர்கள்.

அன்று குளிர் அதிகம். யாருக்கும் பயன்படாத அந்தச் சாரத்தை எடுத்து என் மாவுக்கட்டின் மேல் சுற்றிவிட்டீர்கள்.

"அவரு சாரம் உள்ள, என் சாரம் வெளிய. எது நிக்கிதுன்னு பாப்போம்."

எலும்பு வளர்வது கண்ணுக்குத் தெரிகிற சோலியா? மாதங்கள் ஊர்ந்தன. ஒவ்வொரு படத்துக்கும் பயந்து செத்தோம். கடைசியில் ஒரு நாள் டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"எது பவளம், எது உங்க எலும்புன்னு இப்ப எனக்கே பிரிச்சுச் சொல்லத் தெரியல. சாரம் கரைஞ்சு எலும்பாயிருச்சுங்க."

"கடலத் தாண்டி வந்துட்டோம்னு நெனச்சேன். அது இவ காலுக்குள்ள வந்து ஒக்காந்துருக்கே!" என்றீர்கள் நீங்கள்.

நான் மறுபடி ஏணி ஏறினேன். வேறு ஏதோ வேலை இருக்கிறவர்போல ஒவ்வொரு தடவையும் ஏணிக்கடியில் வந்து நின்றீர்கள். எனக்குத் தெரியாது என்று நினைத்தீர்களாக்கும்.

போன தை மாதம் உங்களை எடுத்துப்போகும்போது நம் மகள் இந்தச் சாரத்தைத்தான் போர்த்த எடுத்தாள். நான் விடவில்லை. பிடிவாதக்காரி என்று பேசியிருப்பார்கள், பேசட்டும். டாக்டர் வைத்ததை இனி யாரும் கழற்ற முடியாது. நீங்கள் சுற்றியது மட்டும் என்னை விட்டுப் போக வேண்டுமா?

இன்று அதைக் காலில் சுற்றிக்கொண்டு, கம்பு இல்லாமல் வாசல்வரை நடந்தேன். கீழே மேகம் கடலாகக் கிடந்தது. "கரை வந்துருச்சாங்க?" என்று சும்மா கேட்டுப் பார்த்தேன்.

கால் ரெண்டும் இருக்கிறது. நீங்கள்தான் இல்லை.