பக்கத்து சீட்டில் நான் இருந்தேனாம்

ஜூலை 6, 1999. செவ்வாய்

தூறல். காற்று வேறு. துணி காயவில்லை.

காலையில் நந்திதுர்க் பக்கம், சுரங்கக் கழிவு மண் மேடான சயனைட் டம்ப் அடியில் உள்ள காலி இடத்தில் இவருக்கு வண்டி பழக்கினேன். கிளட்ச் பரவாயில்லை. ரிவர்ஸ் மோசம். என் கை முழு நேரமும் ஹேண்ட் பிரேக் மேல். இவரிடம் எல்.எல்.ஆர். மட்டும்தான். லைசென்ஸ் உள்ள ஆள் பக்கத்தில் உட்கார்ந்து, வேண்டும்போது வண்டியை நிறுத்த வேண்டும். அந்த ஆள் நான். கல்யாணத்துக்கு முன்பே எடுத்த லைசென்ஸ்.

திரும்பும்போது ஆண்டர்சன்பேட்டைக்கு முன் திருப்பத்தில் நிறுத்தினார்.

"நீ இங்க எறங்கிக்கோ வசந்தா. ஃபேக்டரிக்கு லேட்டாயிடும் உனுக்கு."

"தனியா ஓட்டக் கூடாதுங்க."

"தோ கீது நம்ப கடை."

நேற்றும் இதே. பதினெட்டு வருஷத்தில் என் ஃபேக்டரி ஆபீஸ் நேரம் என்ன என்று ஒரு நாள் கேட்டதில்லை. இப்போது என்ன திடீர் அக்கறை?

து. பருப்பு, சோப்பு, பல்பு 1.

ஜூலை 8, வியாழன்

இன்றும் இறக்கிவிட்டார். பஸ் ஏறவில்லை. டீக்கடை ஓரமாக நின்று பார்த்தேன். யாராவது ஏறுவாள் என்றுதான் நின்றேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

யாரும் ஏறவில்லை. இவரே இறங்கினார். முன்னால் ஒட்டியிருந்த எல் போர்டைப் பிய்த்தார். போய்ப் பின்னால் இருந்ததையும் பிய்த்தார். இரண்டையும் சீட்டுக்கு அடியில் தள்ளினார். கைக்குட்டையில் கை துடைத்துக்கொண்டு, பாத்திரக் கடை முதலாளிக்கே உரிய மிடுக்கோடு ஏறிப் போனார்.

சிரிப்பு வந்தது. பெண்டாட்டி சொல்லிக்கொடுத்து ஓட்டுகிறார் என்று பஜாருக்குத் தெரியக் கூடாது. அவ்வளவுதான். அவ்வளவுதானா? போகப் போகக் கோபம்தான் வந்தது. நாளைக்கு இறங்கமாட்டேன்.

ஜூலை 9, வெள்ளி

இறங்கினேன். "எல்லாரும் பாக்கறாங்க, சீக்கிரம்" என்றார். பஸ்ஸும் வந்துவிட்டது.

ராத்திரி ஆட்டோவில் வந்தார். பேட்டரி டவுனாம். வண்டி கடை கோடவுனிலேயே நிற்கட்டுமாம்.

ஜூலை 11, ஞாயிறு

வெயில் கொஞ்சம். இவரே போய் மட்டன் வாங்கி வந்தார். மல்லிகைப்பூ, நான்கு முழம். பூ வாங்கத் தெரியும் என்பதே எனக்கு இன்றுதான் தெரியும்.

"ஒரு வாரம் பிராக்டீஸ் வேணாம், முதுகு வலிக்குது" என்றார். மட்டன் கூடையைத் தூக்கும்போது வலிக்கவில்லை.

ஜூலை 12, திங்கள்

சாப்பாடு கொடுக்கும் சாக்கில் கடைக்குப் போய், கோடவுனை எட்டிப் பார்த்தேன். இடது ஹெட்லைட் கண்ணாடி இல்லை. பம்பர் உள்ளே வளைந்திருக்கிறது.

"கல்லு பட்டுச்சி" என்றார். எந்தக் கல் பம்பரை வளைக்கும்?

மத்தியானம் ஆபீஸில் சரோஜாவைக் கேட்டேன். அவள் வீட்டுக்காரர் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். "எல்.எல்.ஆர். ஆளு தனியா ஓட்டி யார் மேலயாச்சும் இடிச்சா?" "அடிபட்டவனுக்குக் கம்பெனி குடுத்துட்டு, ஓனர்கிட்ட வசூல் பண்ணுவான். யாருக்குக் கேக்கற?" "சொந்தத்துல." வண்டி என் பேரில். என் சொசைட்டி லோன்.

ஜூலை 14, புதன்

சாயங்காலம் ஹெட் கான்ஸ்டபிள் வீட்டுக்கே வந்தார். கன்னடக்காரர், தமிழ் நன்றாகவே பேசினார். "வெள்ளிக்கெழம ஆக்சிடெண்ட்ல வண்டில பக்கத்துல நீங்க இத்ரி அல்வா, இருந்தீங்கதானே? உங்க யஜமான்ரு, வீட்டுக்காரரு, எழுதிக் குடுத்திருக்காரு. நாளைக்கு வந்து நீங்களும் சொல்லிடுங்கம்மா."

எந்த ஆக்சிடெண்ட் என்ற கேள்வி வாய் வரை வந்தது. கேட்கவில்லை. "சரி சார்" என்று காபி கொடுத்து அனுப்பினேன்.

பிறகுதான் இவர் வாயைத் திறந்தார். சர்ச் ரோட்டில் இளநீர்க்காரர் சைக்கிள் மேல் வண்டியை விட்டிருக்கிறார். அந்த மனுஷனுக்குக் கால் முறிவு.

"நீ கூட இருந்தேன்னு சொல்லிட்டா ஒண்ணுமில்ல. தனியா போனேன்னா நான்தான் மாட்டிக்குவேன்."

"பக்கத்துல இருந்தும் நிறுத்தாம உட்டேன்னு என்னைக் கேக்க மாட்டாங்களா?"

"பொம்பளைய யாரு கேக்கப்போறாங்க."

இதற்குத்தான் மட்டன். இதற்குத்தான் நான்கு முழம்.

ஜூலை 15, வியாழன்

மழை. அரை நாள் லீவு.

முதலில் ஆஸ்பத்திரி. இளநீர்க்காரர் பேர் முனுசாமி. முழங்கால் வரை மாவுக்கட்டு. பன்னும் பழமும் கொடுத்தேன். யார் என்று சொன்னதும் எழ முயன்றார்.

"வண்டில நான் இருந்தேனாண்ணா?"

"அவரு ஒர்த்தர்தான் இருந்தாரு. ஆனா நேத்து வந்து, அம்மாவும் இருந்தாங்கன்னு சொல்லு, கேசு சீக்கிரம் முடியும்னாரு. நான் சொல்லிடறேம்மா, பயப்படாதீங்க."

என்னைத் தவிர எல்லோரிடமும் பேசி முடித்திருக்கிறார். இன்னும் எதை மறைத்திருக்கிறார், யாருக்குத் தெரியும்.

அங்கிருந்து ஸ்டேஷன். இவர் முன்பே வந்து காத்திருந்தார். இவரை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு என்னை மட்டும் கூப்பிட்டார்கள். ஹெ.கா. நான் போவதற்கு முன்பே பாதி எழுதி வைத்திருந்தார்.

"பக்கத்துல இருந்தீங்க."

"இல்ல சார். திருப்பத்துலயே எறங்கிட்டேன்."

பேனா நின்றது. "லைசென்ஸ் இல்லாதவரு கையில வண்டிய குடுத்துட்டு ஏன் எறங்குனீங்க?"

"எறங்குன்னாரு. எறங்குனேன்."

"வண்டி உங்க பேர்ல கீதும்மா. உங்க மேலயும் வரும். யோசிச்சு சொல்லுங்க."

"எறங்குனதுக்கு வரட்டும் சார். உக்காந்திருந்ததா எழுதாதீங்க."

அவர் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டு வேறு தாள் எடுத்தார். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்தேன். இவர் முகமெல்லாம் சிரிப்பு. "முடிஞ்சிதா? வா, மசால் தோசை சாப்ட்டு போலாம்."

"உங்கள உள்ள கூப்புடறாங்க" என்றேன்.

பாக்கெட்டிலிருந்து சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொண்டு உள்ளே போனார்.