மாப்பிள்ளை கண்ட வலை

ஆல்டன்ரோடே, 1899 நவம்பர்

அன்பு மகன் லோதருக்கு அம்மா எழுதுவது. முழங்கால் வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை, கடல் கடந்து வால்பரைசோவில் இருக்கும் உனக்கும் உன் ஆஸ்பத்திரிக்கும் ஒரு குறையும் வராமல் ஆண்டவர் பார்த்துக்கொள்ளட்டும். இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது, மார்ட்டின் திருநாளுக்கு வாங்கிய வாத்து வெறும் எலும்பும் தோலும், விற்றவனுக்கு வெட்கம் என்று ஒன்று கிடையாது. பூமிக்கு அந்தக் கோடியில் இப்போது கோடையாமே, அதற்காகக் கண்ட தண்ணீரையும் குடித்து வைக்காதே.

உன் அக்காள் மெக்தில்ட் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். அவள் கணவர் வால்ட்ரம் இத்தனை வருஷமாகப் பல்கலைக்கழகத்தில் சம்பளமில்லாத விரிவுரையாளராகக் குப்பை கொட்டுவது உனக்குத் தெரியும். கிழட்டுப் பேராசிரியர் போய்ச் சேர்ந்ததும் நாற்காலி காலியானது, உடனே இந்த ஊர் மேதாவிகள் ஆளாளுக்கு உடம்பின் செல்லுக்குள் புதிது புதிதாகக் கண்டுபிடிக்க ஆரம்பித்தார்கள். சுற்றிலும் சவ்வு, உள்ளே கொழகொழவென்று கூழ், நடுவில் உட்கரு, இவ்வளவுதான் செல் என்று உன் அப்பா சொல்லுவார், நாமும் நிம்மதியாக இருந்தோம். இப்போது அந்தக் கூழில் இருப்பது நுரை என்கிறார் அதே நாற்காலிக்குப் போட்டியிட்ட டாக்டர் கோர்டெஸ். அந்த மனிதர் காபி குடிக்கும்போதுகூட நுரையைத்தான் பார்ப்பார். நம் மாப்பிள்ளை கண்டது வலை. கூழ் முழுக்க நூல் வலையாம், உயிரே அதில்தான் தொங்குகிறதாம், அதற்குத் தன் பெயரையே வைத்துவிட்டார்! உயிரைப் பார்க்கிறேன் என்று இவர்கள் முதலில் செய்வதே அதைக் கொல்வதுதான். ஈரல் துண்டை அமிலத்தில் முக்கி இறுக வைத்து, மெழுகில் பதித்து, சீவிச் சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் குனிந்து ஆஹா ஆஹா என்பார்கள்.

கோர்டெஸின் வாயை அடைக்கத்தான் மாப்பிள்ளை அந்த வேலையைச் செய்தார். முட்டை வெள்ளையில் செல்லே கிடையாது அல்லவா, அதையும் அதே அமிலத்தில் போட்டு, பாருங்கள் இதில் வலை இல்லை, செல்லில்தான் இருக்கிறது என்று காட்ட நினைத்தார். குனிந்து பார்த்தால் முட்டை வெள்ளை முழுக்க அவருடைய வலை! அமிலம் பட்டு இறுகிய கோலத்தைத்தான் மனிதர் உயிர் என்று கொண்டாடியிருக்கிறார். அன்றைக்கு முகம் சுண்ணாம்பாக வெளுத்துப்போய் வீடு வந்தார். மெக்தில்ட் காலைப் பிடிக்காத குறையாக, யாருக்குத் தெரியப்போகுது, அந்தக் கண்ணாடித் தகட்டைக் கழுவி வச்சுடுங்க, நாற்காலி கெடைச்சப்புறம் மெதுவாச் சொல்லிக்கலாம் என்று கெஞ்சினாள். அன்று அங்கே போயிருந்த நானும் தலையாட்டினேன்.

கேட்டாரா? தேர்வுக்குழுவின் முன்னால் ஈரலையும் முட்டையையும் பெயர் எழுதாமல் இரண்டு நுண்ணோக்கிகளில் வைத்து, இதில் எது செல்லுன்னு சொல்லுங்க என்றாராம். போட்டியாளராக அங்கே வந்திருந்த கோர்டெஸ் முந்திக்கொண்டு முட்டையைக் காட்டினாராம். அது முட்டை, என் வலையைப் பின்னுனது என் அமிலம், உங்க நுரையையும் ஒரு தடவை சோதிச்சுப் பாருங்க என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். நாற்காலி யாருக்கு என்று நினைக்கிறாய்? நுரைக்குத்தான். ஒன்றும் நடக்காதது போல அந்த மகானுபாவர் மாலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் மனைவி மீன் கடையில் என்னைப் பார்த்து, உங்க முட்டைக்கார மாப்பிள்ளை சௌக்கியமா என்கிறாள். ஈஸ்டருக்குப் பிறகு வால்ட்ரமுக்கு ஆய்வு அறையும் கிடையாதாம்.

மெக்தில்ட் பெட்டியோடு இங்கே வந்துவிட்டாள். ஊர் மெச்சுற நேர்மை எனக்கு வேண்டாம்மா, எனக்கு ஒரு வீடு வேணும் என்கிறாள். அவர் தினமும் வருகிறார், வாசலில் நிற்கிறார், போகிறார். கல்யாண நாள் முதல் அந்த மனிதரை நான் ஒரு பொருட்டாக மதித்ததில்லை. இப்போது மதிக்கிறேன், எனக்கே எரிச்சலாக இருக்கிறது.

காய்ச்சல்காரர்களின் ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்க்க உருப்படியான ஆள் இல்லை என்று போன கடிதத்தில் புலம்பியிருந்தாயே, நேராக அவருக்கே எழுது. உதவி செய்கிறவன் மாதிரி எழுதாதே, உதவி கேட்கிறவனாக எழுது. தன் கண்ணையே சந்தேகப்படத் தெரிந்த ஒருவர் வேண்டும் என்று எழுது, அது உண்மையும்கூட. ஐயோ பாவம் என்ற சொல் அதில் வந்தால் நீ என் பிள்ளையே இல்லை. இருவருக்கும் கப்பலில் இடம் கேட்டு வை. போகமாட்டேன் என்றுதான் மெக்தில்ட் சொல்லுவாள், ஆனால் நேற்று அவர் திரும்பிப் போனபோது ஜன்னல் திரையை விலக்கித் தெரு முனை வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள், போவாள்.

ஆண்டவர் உன்னை ஆசீர்வதிப்பாராக, நோய்நொடி அண்டாமல் நன்றாக இரு. அடுத்த கப்பலுக்கே அவருக்கு எழுதிவிடு. அவர்களும் கிளம்பிவிட்டால் அம்மா தனியாக என்ன செய்வாள் என்று மட்டும் யாரும் எனக்கு எழுத வேண்டாம்.

உன் அம்மா,
ஒட்டீலியே