ஓரத்தில் எழுதியது

என் அன்பு டாக்டரம்மாவுக்கு,

உன் வீட்டுக்காரன் எழுதுவது. நானும் நம் வாலுப் பெண்ணும் நலம். அவளுக்கு முன்பல் ஒன்று விழுந்துவிட்டது. நீ வந்து பார்க்க வேண்டுமென்று தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறாள். நீ பிசியோதெரபி படிக்கப் போனதிலிருந்து உலகத்து எலும்பும் பல்லும் உன் சொத்து என்று நினைப்பு அவளுக்கு.

டேப்லெட் வாங்கட்டுமா வேண்டாமா, நீங்களே சொல்லுங்கள் என்று கேட்டிருந்தாய். வகுப்பில் நீ மட்டும்தான் இன்னும் நோட்டில் எழுதுகிறாய் என்பதையும், கூடப் படிக்கும் சின்னப் பெண்கள் "அக்கா, கல்வெட்டு முடிஞ்சுதா?" என்று கேட்பதையும் படித்துச் சிரித்தேன். ஆனால் பதில் எழுதத்தான் கை வரவில்லை.

நம் கண்ணாடிக் கடைக்குப் பக்கத்துப் போன் கடைக்காரரிடம் ஒரு டேப்லெட்டை இரவல் வாங்கி, சாப்பாட்டு வேளையில் மடியில் வைத்துப் பார்த்தேன். வெளியே தூறல். தேய்த்து வைத்த லென்ஸ்கள் வழியே வந்த வெளிச்சம் சுவரில் மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது. கை எலும்புப் படம் ஒன்றை விரலால் விரிக்க விரிக்க அது பெரிதாகிக்கொண்டே போனது. நீ மூச்சு வாங்கச் சுமக்கும் பை முழுவதும் இதற்குள் அடங்கிவிடும். படத்தின் மேலேயே குறிப்பு எழுதலாம், பாடத்தைப் பதிவு செய்து மறுபடி கேட்கலாம். சினிமாவும் அதில்தான் வரும், அது உன் பாடு.

அதற்கென்று இருக்கும் பேனாவால் உன் பெயரை எழுதினேன். கோணலாக வந்தது. அழித்தேன். எழுதிய சுவடே இல்லை.

அதுதான் என்னை என்னவோ செய்துவிட்டது. விடுதி அறையில் இடமில்லை என்று முடிந்த நோட்டுகளை இங்கே அனுப்புகிறாயே, அவை பரணில் தூங்குவதாக நினைத்திருப்பாய். ஞாயிற்றுக்கிழமை மதியம் நானும் வாலுவும் பாயில் படுத்துக்கொண்டு அவற்றைத்தான் படிக்கிறோம். பாடம் எனக்கு ஒரு வரிகூடப் புரிவதில்லை. ஓரத்தில் நீ எழுதுவதுதான் எங்களுக்குப் பாடம். முழங்கால் பக்கத்தில், 'வாலுக்குச் செருப்பு சின்னதாகியிருக்கும்.' முதுகுத்தண்டுக்குப் பக்கத்தில், 'இவருக்கு இருமல் நின்றிருக்குமா?' படித்தபடியே கண் அசந்தால், அந்த எலும்புகளுக்கு நடுவே நீ நம் தெருவில் நடப்பதுபோல் நிதானமாக நடந்து வருகிறாய். தானும் அதே கனவைக் கண்டதாக வாலு சத்தியம் செய்கிறாள். பொய்தான். நான் நம்பிவிட்டேன்.

உன்னிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். ஏழாவது நோட்டில், தோள்பட்டை எலும்பு வரைந்த பக்கத்தின் ஓரத்தில், ஒரு வரியைத் தாள் கிழியும் அளவுக்கு அடித்திருந்தாய். கடைக்கு எடுத்துப் போய்ப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். தப்புதான். 'முடியல. எல்லாத்தையும் விட்டுட்டு வீட்டுக்குப் போயிடணும்' என்று இருந்தது. நான்கு மாதமாக அதை மனதில் வைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவன் மாதிரி மழை, வெயில், வாலுவின் சேட்டை என்று உனக்கு எழுதிக்கொண்டிருந்தேன். கேட்டால் படிப்பை விட்டுவிட்டு வந்துவிடுவாயோ என்று பயம். கேட்காவிட்டால் அங்கே தனியாக உடைந்துபோவாயோ என்றும் பயம்.

டேப்லெட்டை வாங்கிவிடு. உனக்கு அது தேவைதான். மற்றவர்கள் தோளைச் சரிசெய்யப் படிப்பவள் தன் தோளைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தலையைத் தூக்கித் தூரத்தில் பார். லென்ஸ் தேய்ப்பவன் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

இனி நோட்டு வராது என்று வாலுவிடம் சொன்னேன். "அப்போ அம்மா ஓரத்துல எழுதுறதை மட்டும் அனுப்பட்டும்" என்றாள்.

அப்படியே செய்யேன். வாரம் ஒரு தாள் போதும். நல்லபடியாகப் படித்து முடிப்பாய், எனக்குச் சந்தேகமே இல்லை. முடியவில்லை என்று தோன்றுகிற நாளில் அதையும் எழுது. அடிக்காமல் எழுது.

உன் வரிகளுக்குக் காத்திருக்கும்,
கண்ணாடிக்காரன்